உப்புக்காற்றில் ஒரு பாலைவன மிக்

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்குத் துருவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குளச்சலிலும் முட்டத்திலும் ஜன்னல் கம்பி செதில்செதிலாக உரியும். ஒரு வாரம் ஓட்டாமல் நிறுத்திய பைக்கின் செயின் சிவந்துபோகும். அந்தக் கண்ணோடு ஒரு போர்விமான மாடலைப் பழசாக்க உட்கார்ந்தால் கை தானாகவே செம்பழுப்பு டப்பாவைத் தேடிப் போகிறது. இந்த மிக்-21 மாடலில் நடந்த வேலையில் பாதி, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியதுதான்.

கட்டியவர் நாகர்கோவில் பார்வதிபுரத்தில் கார், பைக்குக்கு ஸ்பிரே பெயின்ட் அடிப்பவர். கேட்டவர் அவருடைய தாய்மாமா. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமான உடலைப் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது தக்கலைப் பக்கம் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அங்கே வேலை படம் எடுப்பதும், ஒட்டு காயும் வரை இரண்டு பாதியைப் பிடித்துக்கொண்டிருப்பதும். இருவர் பெயரையும் எழுத வேண்டாம் என்றார்கள். ஆகவே மாமா, மருமகன் என்றே போகிறேன்.

மிக்-21 இந்திய விமானப்படைக்கு வந்தது 1963-ல். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் அதற்கு விடைகொடுத்தார்கள். இடையில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை பறந்திருக்கின்றன, பெரும்பகுதி நாசிக்கில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (ஹெச்.ஏ.எல்.) கட்டியவை. அந்த விடைகொடுப்பை டிவியில் பார்த்துவிட்டுத்தான் மாமா மருமகனுக்கு போன் போட்டார். அவர் கேட்டது கடையில் விற்கும் பளபளப்பான பொம்மையை அல்ல. ராஜஸ்தானில் ஒரு தளத்தில் தான் கை வைத்து வேலை பார்த்த எம் வகை விமானம், அதே வரிசை எண்ணோடு, வேலையில் இருந்த கோலத்தில் வேண்டும்.

வாங்கிய கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டி, ட்ரம்பெட்டர் கம்பெனியின் 1/32 மிக்-21 எம்.எஃப். நிஜ விமானத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவு. எம், எம்.எஃப். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எஞ்சினில். வெளித்தோற்றத்தில் இரண்டும் நெருங்கியவை என்பதால் மாமா ஒப்புக்கொண்டார். உண்மை விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர். மாடலில் அது 22 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். மூக்கின் மேல் நீளும், வேகம் அளக்கும் பிட்டோ குழாயையும் சேர்த்தால் நீளம் அரை மீட்டரை ஒட்டி வரும். சாப்பாட்டு மேசையில் வைத்தால் நான்கு பேர் உட்கார முடியாது.

இந்த 32 என்ற எண்தான் பின்னால் வந்த எல்லாச் சண்டையையும் தீர்த்துவைத்தது.

கட்டும் வேலை

கட்டியதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடல் இடம், வலம் என இரண்டு பாதி. முதுகிலும் வயிற்றிலும் ஒட்டுக்கோடு. புட்டி வைத்து, 400-ல் தொடங்கி 2000 வரை வாட்டர் பேப்பர் போட்டு இழைப்பது மருமகனுக்குத் தினசரி வேலை. மெலிந்த பிளாஸ்டிக்கைக் கதவுத் தகடு போல அமுக்கக் கூடாது என்பதை மட்டும் கை புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

இழைத்த இடத்தில் ரிவெட் குழிகள் அழிந்துபோகும். தையல்காரர் வைத்திருக்கும் பல்சக்கரத்தால் திரும்பக் குத்திப் பார்த்தார், பற்கள் தள்ளித்தள்ளி விழுந்தன. வடசேரியில் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவரிடம் ஓடாத அலாரத்தின் பல்சக்கரம் ஒன்று கிடைத்தது. பல்லுக்குப் பல் சுமார் 1 மில்லிமீட்டர். 32-ஆல் பெருக்கினால் 3.2 சென்டிமீட்டர். அதை ஒரு குச்சியில் செருகி, ஸ்டீல் ஸ்கேலை ஓரமாக வைத்து உருட்டினார். மாமா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "சரியாத்தாம்லே இருக்கு" என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டை எதிர்பார்க்கக் கூடாது.

மூக்குக்குள் எடை வைக்காவிட்டால் மாடல் வால் பக்கம் உட்கார்ந்துவிடும். எடையின் மையம் பின்சக்கரங்களுக்கு முன்னால் விழ வேண்டும். குளச்சலில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி வந்து, மூக்குக் கூம்புக்குள்ளும் விமானி இருக்கைக்கு முன்னால் உள்ள இடத்திலும் எபாக்சி வைத்து அடைத்தாயிற்று. கிட்டில் வந்த பிட்டோ குழாய் யாரோ ஒருவர் முழங்கை பட்டு ஒடிந்தது. அதற்குப் பதிலாக மருந்துக்கடை ஊசியை அளவுக்கு நறுக்கி வைத்தார். பித்தளை வைத்திருந்தால் இந்த ஊர்க் காற்றில் பச்சை பூத்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஊசிக்கு அந்தக் கவலை கிடையாது.

ஐப்பசி மழையில் பெயின்ட்

மருமகன் முதலில் கார் பெயின்டையே அடிக்க நினைத்தார். கடையில் ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பியூ பெயின்ட் இருக்கிறது, கைக்குப் பழகியது, பிறகு ஏன் சின்னச்சின்ன டப்பாவுக்குப் பணம் கொட்ட வேண்டும்? நியாயமான கேள்வி. காருக்குப் பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்ந்து சுமார் 0.1 மில்லிமீட்டர் கனம் ஏறும். 1/32-ல் அது 3 மில்லிமீட்டருக்கு மேல் பூச்சு பூசிய விமானம். ரிவெட் எல்லாம் அதில் மூழ்கிவிடும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டின் தின்னரோ இன்னும் மோசம், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே அரித்து மேற்பரப்பை நொறுங்கவைக்கும். கடைசியில் மாடலுக்கான அக்ரிலிக் லாக்கர், 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷ். கார் அடிக்கும் கன்னின் நாசில் 1.3, 1.4 இருக்கும். முதல் நாள் அவர் ஏர்பிரஷ்ஷைப் பிடித்த விதத்தைப் பார்த்து அவருடைய கடைப் பையன் சிரித்தான்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஆனியிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். பெயின்ட் வேலை ஐப்பசியில் வந்து மாட்டியது. லாக்கர் அடித்த சில நிமிடத்தில் கரும்பச்சை மேல் பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு பூத்தது. பெயின்டர்கள் இதை பிளஷிங் என்பார்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் நிறைந்திருக்கும் ஈரம் அங்கே பனியாகப் படிந்து, காயாத பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. இதற்கான மருந்து மருமகனுக்கு ஏற்கெனவே தெரியும்: மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் கலப்பது, கம்ப்ரஸர் குழாயில் தண்ணீர் பிடிக்கும் குப்பியை அடிக்கடி திறந்துவிடுவது, வெயில் வரும் நடுப்பகலில் மட்டும் அடிப்பது. காய்வதற்கு ஒரு மரப்பெட்டிக்குள் குண்டு பல்ப் போட்டு, உள்ளே தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். தாண்டினால் நீண்ட மெல்லிய பாகங்கள் வளையத் தொடங்கும் என்ற பயம். மாடல் கட்டுவோர் பலர் எழுதி வைக்கும் 'ஒரு மணி நேரத்தில் தொடலாம்' என்ற கணக்கெல்லாம் வறண்ட ஊர்க்காரர்கள் கணக்கு. இங்கே அதை நம்பக் கூடாது.

மேலே பச்சையும் மண்பழுப்பும், அடியில் வெளிர்நீலச் சாம்பல். மூக்குக் கூம்பும் செங்குத்து வாலின் நுனியும் பச்சை. அவை உலோகம் அல்ல, ரேடியோ அலை ஊடுருவ வேண்டிய இடங்கள். சக்கர வட்டும் பச்சை. விமானப்படை வட்டச் சின்னத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டவில்லை. நம்பர் பிளேட் எழுத்து வெட்டும் கடையில் வினைலில் வட்டம் வெட்டி, அதன் பசையைச் சட்டைத் துணியில் ஒட்டியெடுத்துப் பாதி சாகடித்து, ஒவ்வொரு நிறமாக அடித்தார்: வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. வரிசை எண்ணும் அப்படியே. ஓரம் கத்தி மாதிரி வந்தது. ஸ்டிக்கரின் மினுக்கும் விளிம்பு இல்லை. இந்த மாடலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

முதல் வெதரிங்கும் மாமாவும்

வெதரிங் என்பது மாடலைப் பழசாகக் காட்டும் வேலை. மருமகன் யாரையும் கேட்காமல் ஒரு முறை அதைச் செய்து முடித்தார். படத்தில் பார்க்க அட்டகாசமாக இருந்தது. தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு பேனல் கோட்டிலும் கறுப்பு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்து ஓடவிட்ட பெயின்ட். இறக்கை ஓரமெல்லாம் பஞ்சால் ஒற்றிய வெள்ளி உரிசல். ரிவெட்டிலிருந்து பின்னோக்கி வழியும் துருக்கறை. சக்கரத்தில் செம்மண்.

தக்கலையிலிருந்து பஸ் ஏறி வந்த மாமா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"எலே மக்கா, இது பறந்த வண்டியா, முட்டத்துல கரையேத்திப் போட்ட வள்ளமா?"

"பழசு மாதிரி வேணும்னு நீங்கதான சொன்னீங்க மாமா."

"பழசுன்னுதான் சொன்னேன். நாறவிட்டதுன்னு சொன்னனா?"

அன்று அவர் ஒவ்வொரு கறையையும் தொட்டுத் தொட்டுக் காரணம் கேட்டார். இது எங்கிருந்து வழிஞ்சுது? இங்க யாரு கால் வச்சா? காரணம் சொல்ல முடியாத கறை எல்லாம் போக வேண்டும். வெதரிங் பற்றி நான் கேட்டதில் இதைவிட உருப்படியான விதி எதுவும் இல்லை. பெரிய பெரிய கலைஞர்கள் வீடியோவில் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

துருவில் ஆரம்பித்தார். விமானத்தின் தோல் அலுமினியக் கலவை. அது துருப்பிடிக்காது. அரித்தால் வெள்ளைப் பொடியாக அரிக்கும், அதையும் தளத்தில் இருப்பவர்கள் விட்டுவைக்க மாட்டார்கள். மேல்பூச்சு போனால் முதலில் தெரிவது அடிப்பூச்சு. அதுவும் தேய்ந்தால் மங்கிய வெள்ளி. செம்பழுப்புக்கு அங்கே இடமே இல்லை.

அடுத்தது உரிசல். இங்கேதான் 32 வந்தது. மாடலில் 1 மில்லிமீட்டர் உரிசல் என்றால் விமானத்தில் 3.2 சென்டிமீட்டர் வெற்று உலோகம். "இறக்கை ஓரத்துல இத்தன இடத்துல தோலு போயிருந்தா அந்த வண்டிய லைன்லயே விடமாட்டாங்க" என்றார் மாமா. பேனல் கோடும் அதே கதை. 0.3 மில்லிமீட்டர் கறுப்புக் கோடு விமானத்தில் ஒரு சென்டிமீட்டர் அகலப் பள்ளம். நிஜத்தில் அங்கே விரல் நகம் கூட நுழையாது. எல்லாக் கோட்டையும் கறுப்பாக்கினால் விமானம் ஓடு பாவிய கூரை போல ஆகிவிடுகிறது. பலரும் ரசிக்கும் பாணி அது. எனக்கும் ஒரு காலத்தில் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒரு ஃபிட்டரை முன்னால் வைத்துக்கொண்டு அதை ரசிக்க முடியாது.

எந்த மூடி தினமும் திறக்கும், எது ஓவர்ஹாலுக்குப் போனால் மட்டும் திறக்கும் என்று மாமா பென்சிலால் குறித்துக் கொடுத்தார். மூக்குப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் மூடிகள், வயிற்றில் 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் பீரங்கி இருக்கும் இடம், எரிபொருள் நிரப்பும் மூடி, செங்குத்து வாலின் அடிவாரத்தில் பிரேக் பாராசூட் கூடு. இவற்றின் திருகு தலைகளைச் சுற்றி மட்டும் கைப்பட்ட அழுக்கும் லேசான தேய்மானமும். மற்ற கோடுகளுக்கு மேல்பூச்சின் நிறத்தைவிடக் கொஞ்சமே இருண்ட வாஷ் போதும். விமானியின் கண்ணாடிக் கூடு இந்த வகையில் வலப்பக்கமாகத் திறக்கும். ஆகவே ஏணி இடப்பக்கம். ஏணி கொக்கி உரசும் இடமும், அங்கிருந்து கால் வழுக்கும் இடமும் இடப்பக்கத்தில்தான் தேய வேண்டும். மருமகன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேய்த்திருந்தார். வலப்பக்கத்தைத் திரும்பப் பெயின்ட் அடித்து மூடினோம்.

செம்மண் விஷயத்தில் மாமா சிரித்தே விட்டார். "இது நம்ம மார்த்தாண்டத்து மண்ணுலே. அங்க உள்ளது வெளுத்த மண்ணு, மாவு மாதிரி பறக்கும்." சாக்பீஸ் நிறங்களில் வெளிர் மஞ்சள், வெள்ளை, துளிச் சாம்பல் சேர்த்து அரைத்து, சக்கரம், லேண்டிங் கியர் கால், வயிற்றின் பின்பகுதி என்று அடிப்பக்கம் மட்டும் தூவினார்கள். பீடத்துக்கு மணவாளக்குறிச்சி மணலை எடுக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அழகான மணல்தான், இல்மனைட்டும் கார்னெட்டும் மின்னும். ஆனால் அதில் தோரியம் உள்ள மோனசைட்டும் இருக்கிறது. வரவேற்பறையில் வைக்கும் பொருளுக்கு அது எதற்கு? தவிர, கறுப்பு மணலில் பாலைவன விமானம் நிற்பதும் பொருந்தாது. சிமென்ட் தரை போதும் என்று முடிவாயிற்று.

வெயில்

பாலைவனத்தில் நிற்கும் விமானத்தின் முதல் எதிரி வெயில். மினுக்கம் இல்லாத மேட் பெயின்டில் நிறப்பொடியைப் பிடித்திருக்கும் பசையை அல்ட்ரா வயலெட் உடைக்கிறது. பொடி தளர்ந்து மேற்பரப்பு சுண்ணாம்பு பூசியது போல வெளுக்கிறது. மேலிருந்து வெயில் விழும் முதுகும் இறக்கையும் அதிகம் வெளுக்கும், பக்கவாட்டு குறைவு, அடிப்பக்கம் இன்னும் குறைவு. நின்றிருக்கும்போது கண்ணாடிக் கூட்டின் மேல் கித்தான் போர்த்திக் கட்டுவார்களாம். அந்தப் போர்வை மூடிய இடம் மட்டும் பழைய நிறத்தில் இருக்கும் என்று மாமா சொன்னபோது நானும் மருமகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்தப் படத்திலும் நாங்கள் கவனிக்காத விஷயம்.

வெளுப்பை மருமகன் முதலில் உப்பு வைத்துச் செய்து பார்த்தார். மாடல்காரர்களின் பழைய உத்தி இது: ஈரத்தில் உப்புத் தூவி, காயவிட்டு, மேலே வெளிர் நிறம் அடித்து, உப்பைத் துடைத்தால் திட்டுத்திட்டாகக் கீழ்நிறம் தெரியும். புத்தளம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் உப்புக்கா பஞ்சம்? ஆனால் கல்லுப்பில் மக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும். அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் அது காயவே இல்லை. கசிந்து ஓடி வெள்ளைத் தடம் விட்டது. அதைக் கழுவிவிட்டு ஆயில் பெயின்டுக்கு மாறினார். வெள்ளை, வெளிர் மஞ்சள், நீலம் என்று ஊசிமுனையளவு புள்ளிகள் வைத்து, டர்பன்டைன் தொட்ட பிரஷ்ஷால் காற்றோட்டத் திசையில் இழுத்துக் கரைப்பது. மெதுவான வேலை, ஆனால் திருத்திக்கொள்ளலாம், ஈரக்காற்றும் இதை ஒன்றும் செய்வதில்லை. எங்கள் மாவட்டத்தில் மாடல் கட்டுபவர்களுக்கு உப்பு உத்தியை விட்டுவிட்டு நேரே இதற்கே போகச் சொல்வேன்.

இதற்குப் பிறகு மாமா கேட்டதுதான் மருமகனை உண்மையிலேயே படுத்தியது: டச்-அப். தளத்தில் பூச்சு உரிந்த இடத்துக்கு யாராவது பிரஷ் எடுத்துப் புதுப் பெயின்ட் பூசுவார்கள். புதுப் பச்சை, வெளுத்த பச்சையோடு ஒருபோதும் சேராது. விமானத்தின் மேல் ஒட்டுத்துணி மாதிரி கரிய திட்டுகள் நிற்கும். கலர் மேட்ச் ஆகவில்லை என்று கஸ்டமர் திருப்பி அனுப்புவதை வாழ்க்கையின் பெரிய அவமானமாக நினைப்பவர் மருமகன். அவரிடம் வேண்டுமென்றே நிறம் பொருந்தாமல், அதுவும் பிரஷ் தடம் தெரியப் பூசச் சொன்னால்?

"ஒரு ஷேடு கம்மி பண்ணிக்கிடட்டா மாமா?"

"கம்மி பண்ணாத. நாங்க எங்க கம்மி பண்ணுனோம்? டப்பாவத் தொறந்து அப்படியே பூசுவோம்."

பூசினார். ஏணிப்பக்கம் இரண்டு, இறக்கை அடிவாரத்தில் ஒன்று, பாராசூட் கூட்டருகே ஒன்று. முகத்தைச் சுளித்துக்கொண்டேதான். ஆனால் அந்த நான்கு திட்டுகள் வந்த பிறகுதான் மாடலைச் சுற்றி மனிதர்கள் வேலை பார்த்த மாதிரி ஒரு தோற்றம் வந்தது. அத்தனை வாஷும் உரிசலும் தராத பழமையை அவை தந்தன என்பது என் கணிப்பு.

மீதி விரைவாக முடிந்தது. வயிற்றில் ஹைட்ராலிக் எண்ணெய்க் கசிவு, கறுப்பாக அல்ல, மெல்லிய சிவப்புச் சாயலோடு பின்னோக்கி. பீரங்கி வாய்க்குப் பின்னால் லேசான புகைக்கரி. வால் முனையின் பூச்சில்லாத உலோக வளையத்தில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று சூடேறிய வரிசை. புல்லட் சைலன்சர் வளைவைத் தினமும் பார்க்கும் மருமகனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கலந்து வைத்த துரு நிறமும் வீணாகவில்லை. பீடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டையின் சங்கிலிக்கு அடித்தார். அது இரும்பு, வெளியில் கிடப்பது, யாரும் துடைக்காதது. மாமா எதிர்க்கவில்லை.

இப்போது மாடல் தக்கலை வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் அடித்தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், மழைக்காலத்தில் அவற்றை வெயில் வந்ததும் சூடுகாட்டித் திரும்ப வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக் கூட்டின் உட்புறத்தில் பூஞ்சை பிடிக்கும், திறந்து துடைக்க வழியில்லை. தீராத ஒரே சிக்கல் டயர். கிட்டில் வருவது ரப்பர் போன்ற மென்பொருள். அதிலுள்ள மென்மையாக்கும் எண்ணெய் நாளடைவில் கசிந்து பிளாஸ்டிக் வட்டைக் கரைக்கக்கூடும், இந்தச் சூட்டில் சீக்கிரமே. வட்டின் விளிம்பில் கிளியர் பூசித் தற்காலிகமாகத் தடுத்திருக்கிறார்கள். பங்குனி வெயிலில் அச்செடுத்து ரெசினில் டயர் வார்த்து மாற்றுவதாகத் திட்டம். அப்படியே எடை தாங்கி நிற்கும் டயரின் அடிப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்க வேண்டும் என்று மாமா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.